திரும்பி வர எவ்வளவு?

யசோதரனுக்கு நாற்பத்தாறு வயது. இந்த நாற்பத்தாறு வருடத்தில் அவர் ஒரு மாதம்கூட வாடகை கட்டியதில்லை. ஒரு சட்டையைக்கூடத் தன் கையால் துவைத்ததில்லை. மீன் என்ன விலை என்று யாராவது கேட்டால், "எந்த மீன்?" என்று திருப்பிக் கேட்டுத் தப்பித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர்தான் சனிக்கிழமை தோறும் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில், பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பதினொரு பிள்ளைகளுக்கு, தனியாகப் போய் வாழ்ந்தால் மாதச் சம்பளத்தை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்கியல் வாத்தியார் என்பதால் வகுப்பை ஏற்பாடு செய்த சங்கத்துக்காரர்கள் அவரைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மதியச் சாப்பாட்டை அம்மா நல்லம்மா கட்டிக் கொடுத்துவிடுவார். மூன்று அடுக்கு.

வகுப்பு ஒரு விளையாட்டு மாதிரி நடக்கும். ஆளுக்கு ஆயிரத்து எழுநூறு வெள்ளி சம்பளம். சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் அதுதான். கூடக் கொடுக்க வாத்தியாருக்கு மனசு இருந்தாலும் அவர் கையில் எதுவும் இல்லை. அதற்குள் அறை வாடகை, சாப்பாடு, பஸ், போன், வீட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் அடக்கி எழுதி வர வேண்டும். விலையைக் கற்பனையில் போடக் கூடாது. நாலு இடத்தில் விசாரித்து எழுத வேண்டும். வாரா வாரம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டு ஒரு அட்டை எடுக்க வேண்டும். 'கடைவாய்ப் பல் வலி', 'மோட்டார் டயர் போச்சு', 'கூட்டாளிக்குக் கல்யாணம், மொய் வைக்கணும்' என்று ஏதாவது ஒரு அடி அதில் எழுதியிருக்கும். அந்த அடியையும் அதே சம்பளம்தான் தாங்க வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. செலவுப் பத்தியில் பூஜ்யம் போட்டால், பக்கத்தில் ஒரு பேர் எழுத வேண்டும்.

"நீ கட்டலன்னா வேற யாரோ கட்டுறாங்கன்னு அர்த்தம். யாருன்னு எழுது," என்பார் யசோதரன். சொல்லிவிட்டு மேசைமேல் இருக்கும் தன் டிபன் கேரியரைக் கண்ணால் காட்டுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் பாடம் ஏறிவிட்டது என்று நம்பும் ரகம் அவர்.

விளையாட்டு நிஜமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போலிப் பத்திரங்களும் உண்டு. அறை ஒப்பந்தம், வேலைக் கடிதம், கிளினிக் பில். வீட்டுக்காரர், முதலாளி, டாக்டர் எல்லாமே யசோதரன்தான். வகுப்பு முடியும்போது பிள்ளைகள் தாள்களைக் கத்தையாக முன்னால் வைப்பார்கள். அவர் மளமளவென்று கையெழுத்துப் போட்டு, கீழே தன் சொந்த ரப்பர் முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்துவார். 'யசோதரன் விஸ்வலிங்கம், ஆசிரியர்.' ஊதா மை. முத்திரை விழும் சத்தம் அவருக்குப் பிடிக்கும். அவருடைய அப்பா விஸ்வலிங்கம் துறைமுகத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் விண்ணப்பப் பாரம் நிரப்பவும் நகலுக்கு உறுதி வாங்கவும் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அந்தக் குடும்பத்தில் நிலமும் இல்லை, நகையும் பெரிதாக இல்லை. கையெழுத்து இருந்தது. மகன் அதை அழகாக வளைத்து, வாலை நீட்டிப் போடக் கற்றுக்கொண்டார். அப்பா ஒவ்வொரு பாரத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார் என்பதை மட்டும் கற்றுக்கொள்ள விட்டுவிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை ஃபாத்தின் கையைத் தூக்கினாள்.

சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து வரும் பெண். அவள் அத்தா அப்துல் ரஹீம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டுகிறவர். முதல் இரண்டு வாரமும் வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் கையில் மிச்சம் நின்றது. பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் விடவே தெரியாத பிள்ளை.

"சார், போன்ல ஒரு வேலை பாத்தேன். இந்த வாரம் அந்தச் சம்பளத்த வச்சுப் போடலாமா?"

"ஏன்மா, என் சம்பளம் கசக்குதா? போடு, போடு."

அவள் நீட்டிய தாளை யசோதரன் வகுப்புக்கே கேட்கும்படி வாசித்தார். "சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு. வாடகை பூஜ்யம், கம்பெனி. சாப்பாடு பூஜ்யம், கம்பெனி. போக்குவரத்து பூஜ்யம், கம்பெனி. வீட்டுக்கு ஐயாயிரம்!" தாளைக் கீழே இறக்கினார். "ஃபாத்தின், இந்தக் கம்பெனிக்காரனுக்குத் தங்கச்சி இருந்தாச் சொல்லு. எங்கம்மா தட்டு தூக்கிட்டு வந்துருவாங்க."

சிரிப்பில் மாடிப் பலகை அதிர்ந்தது. முதல் வரிசை மயூரன் எழுந்தே விட்டான். "சார், உங்களுக்கே அவ்ளோ வராதுல்ல?"

"வராது லா. அதனாலதான்டா இன்னும் அம்மா வீட்டுல இருக்கேன்."

மறுபடியும் சிரிப்பு. மூன்று பூஜ்யத்துக்கும் பக்கத்தில் ஒரே பேர் இருந்தது. யசோதரனின் பச்சைப் பேனா அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியது. மீன் முள் போலத் தொண்டைக்குள் ஏதோ ஒன்று. அதற்குள் கீழ்க்கடைப் பையன் கறிபப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். சூடாக இருந்தது. முள் இறங்கிவிட்டது. 'விதிப்படி பேர் எழுதப்பட்டுள்ளது' என்று முழு மார்க் போட்டார்.

அன்று கையெழுத்துக்கு வந்த கத்தையின் நடுவே அவளுடைய வேலைக் கடிதமும் இருந்தது. மேலே நீல நிறத்தில் பளபளவென்று ஒரு சின்னம். கீழே 'சாட்சி' என்று கோடு போட்டு, தொலைபேசி எண்ணுக்கும் இடம் விட்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் கையால் கோடு இழுத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அடேயப்பா, சின்னம் எல்லாம் போட்டிருக்க! இப்படிச் செஞ்சா நானே நெசம்னு நெனச்சிருவேன் போல."

ஃபாத்தின் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சார் கேலி பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். சார் எப்போதும் கேலிதானே பண்ணுவார். யசோதரன் வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். எண்ணை எழுதினார். குத்தினார்.

அடுத்த சனிக்கிழமை காலை பசியாறும்போது நல்லம்மா பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு வாசித்தார். ஊரில் யார் யாருக்கு என்ன கேடு வந்தது என்று தினம் மகனுக்குச் சொல்லாவிட்டால் அவருக்கு இட்லி இறங்காது.

"தம்பி, இதக் கேட்டியோ? நல்ல சம்பளம்னு சொல்லிப் பிள்ளைங்கள பார்டர் தாண்டிக் கொண்டுபோய், கம்பிவேலிக்குள்ள போட்டுப் பூட்டிடறானாம். நாள் முழுக்க போன்ல பேசி ஜனங்கள ஏமாத்தணுமாம். மாட்டேன்னா அடியாம். வெளிய விட அம்பதாயிரம் கேக்குறானாம்."

"என்னைய யாரும் கொண்டுபோக மாட்டாங்கம்மா. கொண்டுபோனாலும் ரெண்டே நாள்ல சாப்பாட்டுச் செலவு தாங்காம அவனே காசு குடுத்துத் திருப்பி அனுப்பிருவான்."

நல்லம்மா சிரிக்கவில்லை. "பகிடியா உனக்கு? பெத்தவளுக்கு எப்படி இருக்கும்," என்று பேப்பரை மடித்து வைத்தார்.

அன்று ஃபாத்தின் வரவில்லை. நான்கு வாரத்தில் அவள் நாற்காலி காலியாக இருப்பது அதுதான் முதல் தடவை. வராதவர்களின் அட்டையைப் பக்கத்து ஆள் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். மயூரன் டின்னுக்குள் கைவிட்டு ஒன்றை உருவினான். உரக்க வாசித்தான்.

"அம்மா உடனே வீட்டுக்கு வரச் சொல்றாங்க. திரும்பி வர எவ்வளவு?"

யசோதரன் தன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதிய அட்டை அது. எல்லோரும் சிரித்தார்கள். காலி நாற்காலியின் மேல் அட்டையை வைத்தான் மயூரன். அப்போது வாத்தியாரின் போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம் சார். யசோதரன் சார்தானே?" கல்யாண மண்டபத்தில் மைக் பிடிப்பவர் குரல் போல, பதமான ஆண் குரல்.

"ஆமா. யாரு?"

"ஃபாத்தின் வேலை விஷயமா சார். ஒரு நன்றி சொல்லலாம்னுதான். நீங்க சாட்சி போட்டதால வீட்டுல ஒரு கேள்வி கேக்கல. முத்திரைன்னா ஒரு மரியாததான், இல்லையா?"

யசோதரன் போனைக் காதோடு அழுத்தினார். "எந்தச் சாட்சி? அது வகுப்புல சும்மா..."

"அடக்கமாப் பேசுறீங்க. பிள்ள வந்துகிட்டு இருக்கு. நல்லபடியா ஏத்திக்குவோம்." ஒரு சின்ன இடைவெளி. "அப்புறம் சார், உங்க வகுப்புல இன்னும் பத்துப் பேர் இருக்காங்களாமே?"

யசோதரன் நிமிர்ந்தார். பத்து முகமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த பகிடிக்குத் தயாராக, பாதிச் சிரிப்போடு.

"தலைக்கு ஐந்நூறு வெள்ளி உங்களுக்கு. கட்டாயம் எல்லாம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"உங்க பேரு என்ன?"

"மோகனராஜ்னு வச்சுக்குங்களேன்."

போன் அணைந்தது. கீழே தெருவில் பாட்டுக் கடை வழக்கம்போல் அலறிக்கொண்டிருந்தது. யசோதரன் ஃபாத்தினை அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. அடித்தது, எடுக்கவில்லை.

"மயூரா, அவ எங்க போறான்னு உங்கிட்ட சொன்னாளா?"

"காலைல பை படம் ஒண்ணு போட்டிருந்தா சார். 'புது வாழ்க்கை'ன்னு." மயூரன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியிருந்தது. "அந்த வேலைக்காரங்க நம்பர எனக்கும் அனுப்பினா. நான் இன்னும் பேசல."

"பேசாத. யாரும் பேசாதீங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க, நேரா வீட்டுக்கு." சொல்லிவிட்டு, காலி நாற்காலியில் கிடந்த அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். டிபன் கேரியர் மேசையிலேயே இருந்தது.

சுங்கை பினாங்கில் எட்டாவது மாடிக் கதவை ஃபாத்தினின் அம்மா சித்தி ஹாஜரா திறந்தபோது முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

"வாங்க சார்! நேரமாயிருச்சே, அவ அப்பவே கிளம்பிட்டா. உக்காருங்க, தேத்தண்ணி கலக்குறேன்."

"எங்க போயிருக்கா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்ல வேன் ஏத்திக்குதாம். அவ சாச்சா, அவ அத்தா தம்பி, மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் பெட்ரோல் ஸ்டேஷன்ல விட்டுட்டு வேலைக்குப் போயிட்டாரு. பாங்காக்ல ஆபீஸாம் சார், ஏசியெல்லாம் இருக்காம்."

மகளை வழியனுப்பக் கடைக்கு அரை நாள் லீவு போட்டிருந்த அப்துல் ரஹீம் உள்ளேயிருந்து வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நகல். அதன் கீழ் மூலையில் ஊதா முத்திரை, நேராக, அழகாக.

"நான் முதல்ல வேணாம்னுதான் சொன்னேன் சார்," என்றார் அவர். "அப்புறம் இதக் காட்டுச்சு. வாத்தியாரு படிக்காமலா போட்டிருப்பாருன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

வழியெல்லாம் யசோதரன் என்னென்னவோ வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"படிக்கல," என்றார். "நான் அதப் படிக்கவே இல்ல. விளையாட்டுப் பேப்பர்னு நெனச்சுப் போட்டுட்டேன். அவங்க நல்லவங்க இல்ல. இப்ப எனக்குப் போன் பண்ணாங்க. மத்தப் பிள்ளைங்களையும் கேக்குறாங்க."

அடுப்படியில் கரண்டி நின்றுவிட்டது. அப்துல் ரஹீம் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று யசோதரன் எதிர்பார்த்தார். பிடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் வாசலுக்குப் போய் செருப்பைப் போட்டுக்கொண்டார். "காடி எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

லிப்ட் எட்டு மாடி இறங்குவதற்குள் அவர் மகளுக்கு மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டார். "எடுக்காது," என்றார். "காலைலயே சொல்லிட்டுத்தான் போச்சு. அத்தா, உங்க குரலக் கேட்டா அழுதுருவேன், பார்டர் தாண்டுனப்புறம் நானே கூப்பிடுறேன்னு."

யசோதரன் காருக்குள் உட்கார்ந்து 'போகாதே, ஏமாற்று வேலை' என்று தட்டினார். அழித்தார். பக்கத்து வீட்டுக்காரி முதல் பெரியம்மா வரை அவளுக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள், அவளும் பொறாமை என்று ஒதுக்கியிருப்பாள். சட்டைப்பையில் விரல் பட்டது. அட்டையை எடுத்துப் படம் பிடித்தார். கீழே எழுதினார்: 'ஃபாத்தின், இது உன் நாலாவது வார அட்டை. மயூரன் எடுத்தான். திரும்பி வர எவ்வளவு? யார் கட்டுவாங்க? கேட்டு எழுது. எழுதாம விட்டா மார்க் கிடையாது.'

அனுப்பிவிட்டுப் போனை அப்துல் ரஹீம் கையில் கொடுத்தார். "ரெண்டு டிக்கும் நீலமாச்சுன்னா படிச்சிட்டான்னு அர்த்தம், சொல்லுங்க."

பாலத்தில் ஏறும்போது வானம் மலைப்பக்கம் கறுத்து, கடல் ஈயத் தகடு போலக் கிடந்தது. இந்தப் பாலத்தில் தீவைவிட்டு வெளியே போகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. திரும்பி வருகிறவர்களிடம்தான் வாங்குவார்கள். ஆயிரம் தடவை போய் வந்த யசோதரனுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

"நீலமாயிருச்சு," என்றார் அப்துல் ரஹீம்.

பதில் வரவில்லை. பாலம் முடிந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் இரண்டு பக்கமும் நெருக்கின. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அப்துல் ரஹீம் போனை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார், சிந்திவிடும் என்பதுபோல. எந்தப் பகிடியும் இல்லாமல் அவ்வளவு தூரம் யசோதரன் காரோட்டியதே கிடையாது.

போன் அடித்தது. அப்துல் ரஹீம் சத்தத்தைத் திறந்துவிட்டார்.

"சார்." கிசுகிசுப்பு. "கேட்டேன் சார்."

"யாருகிட்டம்மா?"

"வேன்காரர்கிட்ட. திரும்பி வர டிக்கெட்டு எவ்வளவு, யாரு கட்டுவாங்கன்னு. கணக்குல எழுதணும், சார் கேக்குறாருன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு சார்." அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம், போன இப்படிக் குடும்மான்னாரு."

அப்துல் ரஹீம் போனைத் தன் வாயிலிருந்து தள்ளிப் பிடித்தார். குரலைக் கேட்டால் மகள் அழுதுவிடுவாள்.

"இப்ப எங்க இருக்க?"

"ஸ்டேஷன் பின்னால சுராவ்ல, தொழுற ரூம்ல. லுஹர் தொழுதுட்டு வந்து தர்றேன்னு எறங்கிட்டேன். உள்பக்கம் பூட்டிட்டேன். பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கு சார், அது அவருக்குத் தெரியல. பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கு."

"கதவத் திறக்காத. அத்தா குரல் கேட்டாத்தான் திறக்கணும். வந்துட்டோம்."

சந்திப்பைத் தாண்டி இடது பக்கம் பெட்ரோல் ஸ்டேஷன். ஓரமாக ஒரு வெள்ளை வேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கார் நிற்பதற்கு முன்பே அப்துல் ரஹீம் இறங்கிப் பின்பக்கம் ஓடினார். யசோதரன் வேனை நோக்கி நடந்தார்.

வேன் கதவில் சாய்ந்திருந்தவன் இஸ்திரி போட்ட சட்டையில், எந்தக் கல்யாணத்திலும் பந்தி பரிமாறக் கூப்பிடக்கூடிய ஆள் மாதிரி இருந்தான்.

"முத்திரை சார்தானே?" என்றான். அதே பதமான குரல். "நேர்லயே வந்துட்டீங்க."

"பிள்ளையோட பாஸ்போர்ட்டக் குடுங்க."

"எந்தப் பிள்ள சார்?" உண்மையாகவே புரியாதவன் போல் கேட்டான்.

வேனுக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டும் பையன்கள். யசோதரன் கண்ணாடியைத் தட்டினார். "தம்பி! எறங்குங்க! போகாதீங்க, எறங்குங்கப்பா!" ஒருவன் கண்ணைத் திறந்து பார்த்தான். காதில் பாட்டு. வழியனுப்ப வந்த யாரோ ஒருவர் என்று நினைத்தானோ என்னவோ, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தான்.

தொழிற்சாலை பஸ் ஒன்று ஸ்டேஷனுக்குள் திரும்பியது. சீருடை போட்ட பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். இஸ்திரிச் சட்டை போட்டவன் அவர்களை ஒரு பார்வை பார்த்தான். வண்டியில் ஏறினான்.

"ஒண்ணு கொறஞ்சாப் பரவால்ல சார்," என்றான் ஜன்னல் வழியாக. "உங்க கையெழுத்து இருக்கே."

வேன் பிரதான சாலையில் கலந்தது. யசோதரன் அதன் எண்ணைப் பச்சைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதினார். கை வியர்த்திருந்ததால் இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

சுராவ் கதவு திறந்தபோது ஃபாத்தின் அழவில்லை. அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யசோதரனைப் பார்த்ததும், "சார், அந்த அட்டைக்கு என்ன எழுதறது?" என்று கேட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

போலீஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம். அதிகாரி வேன் எண்ணை எழுதிக்கொண்டார், பாஸ்போர்ட் விவரத்தை எழுதிக்கொண்டார், உள்ளே இரண்டு பையன்கள் இருந்தார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு எங்கேயோ போன் பண்ணினார். பிறகு நகலைத் திருப்பிப் பார்த்து, இந்தச் சாட்சி யார், அவர்களுடைய ஆளா என்று மலாயில் கேட்டார். "நான்தான்," என்றார் யசோதரன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். புதிதாக ஒரு தாளை எடுத்தார்.

திரும்பும்போது பாலத்தின் வாயிலில் காசு கட்டினார்கள். பின்சீட்டில் அத்தாவின் தோளில் சாய்ந்திருந்த ஃபாத்தின், வாயிலில் ஒளிர்ந்த தொகையை வாய்க்குள் படித்தாள்.

நல்லம்மாவிடம் யசோதரன் எல்லாவற்றையும் சொன்னார். அவர் திட்டவில்லை. மறுநாளிலிருந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். காலைப் பசியாறல் அதற்கப்புறம் மிக அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் யசோதரனுக்கு அந்த வேன் பையனின் கட்டைவிரல் வந்து வந்து போனது. போலீஸ் நிலையத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணினார். வேன் எண் பொய் என்றார்கள். பையன்கள் யாரென்று தெரியவில்லை, யாரும் இன்னும் காணோம் என்று புகார் கொடுக்கவில்லை என்றார்கள். எப்படிக் கொடுப்பார்கள்? நல்ல வேலைக்குப் போயிருக்கிறார்கள் அல்லவா.

ஐந்தாவது சனிக்கிழமை சங்கத்தில் வகுப்பு வேண்டாம் என்றார்கள். யசோதரன் கெஞ்சிக் கேட்டு நடத்தினார். முத்திரையைக் கொண்டுவரவில்லை. பதினொரு நாற்காலியும் நிரம்பியிருந்தன. ஃபாத்தினின் தாளில் சம்பளம் மறுபடி ஆயிரத்து எழுநூறு. புது பாஸ்போர்ட்டுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தாள். முதல் தடவையாக அவள் கணக்கு இடித்தது, நாற்பத்து மூன்று வெள்ளி பள்ளம்.

"பள்ளம் விழுந்திருக்கே," என்றார் யசோதரன்.

"பரவால்ல சார். எங்க விழுந்திருக்குன்னு தெரியுது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேசையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். எடுத்தார். மோகனராஜ் குரல் இல்லை. நடுவயதுப் பெண் குரல், மகிழ்ச்சியில் கொஞ்சம் உரக்க.

"சார், வணக்கம் சார்! தைப்பிங்கிலேருந்து பேசுறேன், என் பேரு தனலெட்சுமி. உங்களுக்கு என்னைத் தெரியாது. எம்மவன் வேலைக்குப் போறான் சார். அந்தக் கடிதத்துல உங்க முத்திரையும் நம்பரும் இருந்துச்சு. வாத்தியாரே சாட்சி போட்டிருக்காரேன்னு அவங்கப்பாவும் ஒத்துக்கிட்டாரு. ஒரு வார்த்தை நன்றி சொல்லாம அனுப்பறது சரியில்லன்னு..."

யசோதரன் கையெழுத்தே போடாத கடிதம். ஃபாத்தினின் கடிதத்திலிருந்து நகலெடுத்த கையெழுத்து தைப்பிங்கில் யாருடைய மேசையிலோ வாலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது.

"அம்மா," என்றார். "எப்ப... எப்பக் கிளம்புறான்?"

"இதோ வேன் வந்துருச்சு சார், பையத் தூக்கி வைக்கிறான்."

"அனுப்பாதீங்கம்மா. நான் கையெழுத்துப் போடல. அதாவது, ஒண்ணு போட்டேன், ஆனா இது நான் இல்ல..."

"என்ன சார் சொல்றீங்க? உங்க பேர்தானே போட்டிருக்கு?"

ஊரையே சிரிக்க வைக்கிற வாய். அவசரத்துக்கு ஒரு வாக்கியம் நேராக வரவில்லை. தைப்பிங்கில் ஒரு வேன் கதவு சறுக்கித் திறக்கும் சத்தம் போன் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

ஃபாத்தின் எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நான் சாரோட ஸ்டூடண்ட். போன வாரம் நான் அந்த வேன்ல ஏறினேன். சார் சொல்றத நம்ப வேணாம், என்னையும் நம்ப வேணாம். அந்த வேன்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எம்மவன் திரும்பி வர எவ்வளவு, யாரு கட்டுவாங்கன்னு கேளுங்க. போனக் கட் பண்ணாம கேளுங்க ஆன்ட்டி. நாங்க இங்கதான் இருக்கோம்."

போனைச் சத்தமாக வைத்து மேசை நடுவில் வைத்தாள். பதினொரு பிள்ளைகளும் வாத்தியாரும் அதைச் சுற்றிக் குனிந்தார்கள். தூரத்தில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, அந்த அம்மா யாரிடமோ கேட்பது கேட்டது.

பிறகு கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் ஓடியது.

பிறகு யாரோ சிரித்தார்கள்.

"டேய் தம்பி," என்றது அந்த அம்மாவின் குரல், மெல்ல. "அந்தப் பையக் கீழ எறக்கு."